டேங்க் நிப்பிள் போட்ட படகு

என் வீட்டுக்காரர் பிளம்பர். ஏற்காட்டில் ஒரு லாட்ஜுக்குப் பைப் போட சேலத்திலிருந்து மலையேறி வந்தவர், இந்தக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். குளிர் பிடித்தது அவருக்கு. எனக்கு இன்றுவரை சளிதான் பிடித்திருக்கிறது. இந்த மலையில் எந்த மொட்டை மாடியில் கருப்புத் தொட்டி தெரிந்தாலும், ஓடுகிற பஸ்ஸுக்குள்ளிருந்து கையை நீட்டி, "அது நான் மாட்டுனது" என்பார். மற்றவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இவர் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு வருவார்.

கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. காப்பியும் மிளகும் வைத்தது போக, பள்ளத்தில் ஒரு குட்டை. மழைத் தண்ணீர் தேங்கிக் கோடையிலும் வற்றாமல் கிடக்கும். மேட்டில் எங்கள் வீடும், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகளும். மகள் பள்ளியில் படித்த காலத்தில் குட்டைக்கு ஒரு படகு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவர் எங்கோ அலைந்து, நாலு பேர் உட்காரும் மிதிபடகு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பைபர் படகு. சைக்கிள் மாதிரி மிதித்தால் நடுவில் சக்கரம் சுற்றித் தண்ணீரைத் தள்ளும். திருப்புகிற பிடி எப்போதும் மகள் கையில். மிதிக்கிறது அப்பா. குட்டை என்னவோ ஒரு கல்லெறி தூரம்தான். அதற்குள் அவர்கள் இருவரும் எங்கெங்கோ போய்வருவார்கள். நான் கரையில் நின்று சாப்பிடக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்த மகள் போன வருஷம் கோயமுத்தூரில், தான் வேலை பார்க்கிற இடத்தில் ஒருவரைப் பார்த்து, முறையாக எங்களிடம் வந்து சொன்னாள். பையன் வேறு ஆட்கள். இவர் முடியாது என்றார். அவள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அதற்கு மேல் அந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். கோபம் வந்தால் யார் தலையில் விடியும் என்று எனக்கே தெரியாது.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். பிள்ளை வாரம் தவறாமல் போன் செய்தது. பெற்றவர் போன் மணி கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நான் பேசி முடித்து வைத்ததும் உள்ளே வருவார். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் போனை நான் சீக்கிரம் வைத்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். இந்த மனிதரோடுதான் நான் குப்பை கொட்டுகிறேன்.

படகைக் கரைக்கு இழுத்துப் போட்டதும் அந்த வருஷம்தான். மரத்தடியில் கிடந்து, இலையும் மழையும் நிறைந்து, தவளைகள் குடியேறிவிட்டன.

இந்தச் சித்திரைக்கு முன்னால் மகள் போனில், "அம்மா, ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரலாம்னு இருக்கறோம். ஒரு நாளைக்குத்தானுங்க. சாயங்காலம் கிளம்பிருவோம்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. நான் வாங்க கண்ணு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். "வரட்டும். உனக்கும் ஊடுதான இது" என்றார். பிறகு, "எனக்கு அன்னிக்குக் கரடியூர்ல ஒரு தொட்டி வேலை இருக்குது. வெடியால போனா இருட்டித்தான் வருவேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை எவனுங்க தொட்டி மாட்டறான்?"

"மாட்டறவன் மாட்டறான்."

நான் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் வருகிற அன்று இவர் வீட்டில் இல்லையென்றால், அவள் இன்னொரு முறை வரமாட்டாள். அழமாட்டாள், சண்டை போடமாட்டாள், வரமாட்டாள், அவ்வளவுதான். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். அதன் அச்சை எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் குட்டைப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். அவர் படகுக்குள் நின்று இலையை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். தவளைகள் ஒவ்வொன்றாகக் குதித்து வெளியேறின.

"சீசனுக்கு ஆளுங்க வருவாங்கல்ல, கேப்பாங்க" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

படகின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றின் வழியாகத் திருப்புகிற கம்பி கீழே இறங்கும். அதற்கு உயரமாக ஒரு குழாய் வைத்துக் கட்டியிருப்பதால் தொல்லையில்லை. மற்றது பின்பக்கம், தாழ்வான இடத்தில் இருக்கும் வடிகால். கரையேற்றி அதன் மூடியைத் திறந்தால் உள்ளே தேங்கிய மழைத் தண்ணீர் வடிந்துவிடும். ஏற்காட்டு மழைக்கு அது இல்லாமல் முடியாது, அதனால் அடைத்துவிடவும் வழியில்லை. அந்தத் துளையில் இருந்த பிளாஸ்டிக் வளையம் வெயிலிலும் குளிரிலும் நொறுங்கிப் போயிருந்தது. தொட்டால் அப்பளம்.

வளையத்தை ரம்பத் தகட்டால் அறுத்து எடுத்தார். துளையின் விளிம்பு நனைந்த சாக்கு மாதிரி நார்நாராக இருந்தது. அது காய்ந்தால்தான் பசை பூச முடியும். மூடுபனி இறங்கினால் இங்கே துணியே காயாது, படகு எங்கே காயும்? வாடகை அறையில் வைத்திருந்த முடி காயவைக்கும் மெஷினை எடுத்துப்போய், வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, படகின் அடி வயிற்றுக்கு மணிக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தார். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஒரு நாள் அந்த மெஷினைக் கேட்டதற்கு, கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்ட மனிதர் இவர்.

விளிம்புக்குப் பசை பூசிக் காய்ந்ததும், தன் சாமான்களில் தேடி ஒரு பித்தளை டேங்க் நிப்பிளை எடுத்தார். வீட்டுத் தொட்டியிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் இருக்குமே, அதுதான். திருகு மரை போட்ட சின்னக் குழாய். ஒரு முனையில் தட்டையான தலை, மறுமுனையில் முறுக்குகிற நட்டு, நடுவே ரப்பர் வாஷர். தலை ஒரு பக்கம், நட்டு மறுபக்கம். நடுவில் சுவர் மாட்டிக்கொண்டு இறுகும். ஏற்காட்டில் படகு சாமான் விற்கிற கடை கிடையாது. டேங்க் நிப்பிள் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் உள்ளங்கைக்குப் பழகிய சாமானும் அதுதான்.

இந்த வேலையில் ஒரு சங்கடம். தனி ஆளாகச் செய்ய முடியாது. ஒரு பக்கம் முறுக்கும்போது மறுபக்கம் கூடவே சுற்றும். அதனால் ஒருவர் படகுக்குள் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து மறுமுனையை முறுக்க வேண்டும். படகைச் சில்வர் ஓக் கட்டைகள் மேல் ஏற்றி வைத்துவிட்டு, "ஒரு கை புடிக்கிறியா?" என்று என்னைக் கேட்டார். கரடியூர் பேச்சு வந்த நாள் முதல் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், நான் கேட்டால் தலையாட்டுவார். இந்த வேலைக்குத் தலையாட்டினால் போதாது. அடியில் படுத்திருக்கிறவர் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கறனுங்க."

"உட்றாத."

"உடலீங்க."

முகம் தெரியாதபோது பேசுவது சுலபமாக இருந்தது. நான் படகின் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ நொம்ப எளைச்சுப் போயிட்டாளாம். போன்ல சொன்னா" என்றேன். சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். கீழே முறுக்கும் சத்தம் நின்றது. "ஒழுங்காப் புடி" என்றார்.

முறுக்கி முடித்து மூடியைப் போட்டதும் சோதனை. குழாயை நீட்டிப் படகுக்குள் தண்ணீர் விட்டார். முழங்கால் அளவு நிரப்பிவிட்டு, அடியில் குனிந்து, துளையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. என்னையும் குனியச் சொல்லிப் பார்க்க வைத்தார். நானும் தடவினேன். காய்ந்து கிடந்தது. அவர் முகத்தில் அந்த வருஷத்தில் முதல்முறையாக ஒரு களை வந்தது. "இன்னி எந்தக் காலத்துக்கும் ஒழுகாது" என்றார். எனக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் எந்த வேலையும் அப்படித்தான் பார்க்கப்படும்: நிரப்பு, வெளியே கசிகிறதா பார், கசியவில்லையென்றால் கூலி வாங்கு.

சனிக்கிழமை சாயங்காலம் படகைக் குட்டையில் இறக்கினோம். அது மிதந்தது. நாங்கள் இருவரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நிப்பிளின் தலையைச் சுற்றிலும், வாஷருக்கு அடியிலிருந்து தண்ணீர் அமைதியாக ஏறி வந்துகொண்டிருந்தது.

அவர் வேட்டி நனைய நின்றுகொண்டு, இது எப்படி என்று முணுமுணுத்தார். எனக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இது தொட்டி இல்லீங்க. தண்ணி வெளியில இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். படகைப் பார்த்தார். தொட்டியில் வாஷரும் தலையும் உள்பக்கம் இருக்கும். தண்ணீர் உள்ளிருந்து தள்ளும்போது வாஷர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இவர் கை பழக்கத்தில் படகுக்கும் அப்படியே உள்பக்கம் வைத்துவிட்டது. குட்டைத் தண்ணீரோ வெளியிலிருந்து நுழைந்து வாஷரைத் தூக்கிவிடுகிறது. சோதனையும் தொட்டிச் சோதனை. உள்ளே ஊற்றிப் பார்த்தால் அது எப்படி ஒழுகும்?

யானைக்கும் அடி சறுக்கும் என்றேன். அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். தலையில் கைவைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தே எவ்வளவு காலமாகிவிட்டது. எனக்கு அப்போது அவரை நொந்துகொள்ளத் தோன்றவில்லை, பாவமாக இருந்தது.

அன்று சமையல் செய்துகொண்டே யோசித்தேன். இந்த மனிதருக்கு ஆயுசு முழுக்க ஒரே வேலை. உள்ளே இருப்பது வெளியே போகாமல் காப்பது. மகள் விஷயத்திலும் இவர் உள்ளேயே நின்றுதான் பார்த்தார். தன் மானம், தன் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், தன்னை மீறிப் போய்விட்டாளே என்கிற தன் வலி. எல்லாம் உள்ளே ஊற்றிப் பார்த்த சோதனை. அப்படிப் பார்த்தால் இவர் பக்கம் ஒரு கசிவும் தெரியாது. அவள் நிற்கிற பக்கத்திலிருந்து ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. படகு ஓட்டை படகு ஓட்டைதான். அதிலிருந்து இவ்வளவு எடுக்கிறேனே, நான் மட்டும் யார் பக்கம் நின்று பார்த்தேன்? இவர் போன் மணிக்கு எழுந்து போகும்போதெல்லாம் எரிச்சல்பட்டேனே தவிர, வாசலில் நின்று என்ன செய்கிறார் என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தேனா? இல்லை. குழம்பு தீய்கிற வாசனை வந்தது, யோசனையை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆனால் வண்டி நிற்கும் பக்கம் போகாமல் குட்டைக்கு இறங்கினார். "அந்த நிப்பிள மட்டும் திருப்பிப் போட்டுட்டு அப்படியே கரடியூர் போயிர்றேன். அவுங்க எப்ப வர்றாங்க?"

"மத்தியானச் சோத்துக்குங்க" என்றேன்.

மத்தியானச் சோற்றுக்குத்தான் வருகிறார்கள். எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை, ராத்திரியே கிளம்பிக் காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை.

படகை மறுபடி கட்டைகள் மேல் ஏற்றினோம். இந்த முறை எல்லாம் மாறி வந்தது. தலையும் வாஷரும் வெளியே, தண்ணீர்ப் பக்கம். நட்டு உள்ளே. வாஷருக்குச் சுற்றிலும் சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசி, சாக்கு விரித்து அடியில் படுத்து, தலையை இரண்டு கையாலும் ரெஞ்சு போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார். முறுக்க வேண்டியது நான். "பசை வெச்ச பொறவு நான் கைய எடுத்தா எல்லாம் இழுவிப்போயிரும். மறுக்கா மொதல்ல இருந்து வரோணும். நீ நிறுத்தி நிதானமாத் திருப்பு" என்றார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கரடியூருக்குப் போக வேண்டிய டூல்ஸ் பெட்டி மூடித் தயாராகக் கரையில் இருந்தது.

நான் பாதி முறுக்கியிருப்பேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே வருகிற பாதையில் ஆள் வரும் அரவம். மகள். உண்மையிலேயே இளைத்துத்தான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பையன், கையில் பழப் பையோடு, இதற்கு மேல் வரலாமா என்று தெரியாமல் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுவிட்டார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பயப்படுகிற ஆண்களை எனக்குப் பிடிக்கும்.

மகள் படகுக்கு அடியில் நீண்டிருந்த கால்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஸ்பேனரைப் படகின் தரையில் வைத்துவிட்டு மெதுவாக இறங்கினேன். அவள் சின்ன வயதுப் பழக்கத்தில் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் படகில் ஏறினாள். கட்டை மேல் படகு லேசாக ஆடியது.

"ஏன் ஆட்டற? அசையாம இரு" என்றார் கீழேயிருந்து.

அவள் ஸ்பேனரை எடுத்து நட்டில் பொருத்தினாள். "எந்தப் பக்கம் திருப்பறதுங்கப்பா?" என்று கேட்டாள்.

வெளியே தெரிந்த கால் விரல்கள் மட்டும் ஒருமுறை மடங்கி விரிந்தன. அவர் கையை எடுத்துவிடலாம். அந்தப் பக்கமாக உருண்டு வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறிவிடலாம். பசை இழுவிப்போகும், அவ்வளவுதானே. செய்கிற ஆள்தான் அவர். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்து நின்றதில்லை. குனிந்து பார்க்கலாமா என்று தோன்றியது. பிறகு நேற்று யோசித்தது ஞாபகம் வந்தது. குனிந்தேன். மண்ணும் பசையும் ஒட்டிய கைகள் ரெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஈரம் இறங்கியிருந்தது.

"வலக்கைப் பக்கம்" என்றார். "நான் கெட்டியாப் புடிச்சிருக்கறேன். நீ திருப்பு, சாமி."

அவள் திருப்பினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னத்தைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் திருப்பினாள். போதுமா என்று அவள் கேட்கவில்லை. போதும் என்று அவரும் சொல்லவில்லை. நட்டு எப்போதோ இறுகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து, இந்த முறை என்னைத்தான் கேட்டார்.

"அவரும் வந்திருக்காரா?"

"வந்து நிக்கறாருங்க."

"வந்தவங்கள நிக்க வெச்சிருக்கியே. உக்காரச் சொல்லு."

நான் சுற்றிலும் பார்த்தேன். குட்டைக் கரையில் உட்காருவதற்கு என்ன இருக்கிறது? எங்கே பார்த்தாலும் சேறு. கரடியூருக்குப் போக வேண்டிய அந்த டூல்ஸ் பெட்டி ஒன்றுதான் இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்தேன். மாப்பிள்ளை வந்து அதன் மேல் உட்கார்ந்தார்.